பிழைத்தவர் கதையும் மாண்டவர் விசுவாசமும்

பிரசங்க மேடையில் ஒரு கதையைச் சொல்லும் ஆயர், அது நடந்ததா புனையப்பட்டதா என்பதைச் சபையாருக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். சாதாரண எடுத்துக்காட்டுக் கதைகளில் இக்கடமையை நாம் பெரிதாகக் கருதுவதில்லை. நல்ல சமாரியன் எந்த ஆண்டில் எரிகோ சாலையில் சென்றான் என்று எவரும் கேட்பதுமில்லை. ஆனால் நாசி ஆட்சியில் ஏறத்தாழ 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்ட பேரழிவைப் பற்றிய புனைகதைகளை வாசிக்கும்போதும், அவற்றிலிருந்து பிரசங்கத்திற்குப் பொருள் எடுக்கும்போதும், இந்த அலட்சியம் பெருந்தவறில் முடிகிறது. அத்தவறு வரலாற்றைக் காட்டிலும் நம் இறையியலையே அதிகமாகக் கெடுக்கிறது என்பது என் கருத்து.

பெயரிலிருந்தே தொடங்குவோம். ஆங்கில நூல்களில் இந்நிகழ்ச்சிக்கு வழங்கும் 'ஹோலோகாஸ்ட்' என்னும் சொல், பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பிலிருந்து வந்தது. நம் தமிழ்த் திருமறை 'சர்வாங்க தகனபலி' என்று சொல்லுவதையே அது குறிக்கும். பலி என்றால் பலியிடுகிறவர் உண்டு. பலியை ஏற்றுக்கொள்ளுகிறவரும் உண்டு. நச்சுவாயு அறையில் குழந்தைகளை அடைத்தவர்களை ஆசாரியராகவும், அதை முகர்ந்தவராகக் கடவுளையும் ஆக்கிவிடுகிற சொல் அது. யூதர் பலர் இச்சொல்லை விரும்பாமல், அழிவு எனப் பொருள்படும் 'ஷோவா' என்னும் எபிரேயச் சொல்லையே வழங்குகின்றனர். நானும் அதையே வழங்குகிறேன்.

ஷோவாவைப் பற்றிய புனைகதைகளில் விசுவாசத்தை மையமாகக் கொண்டு எழுதப்பட்டவற்றுள், மேடைக்கு மிக எளிதாக ஏறுவது ஸ்வி கோலிட்ஸ் எழுதிய 'யோசல் ராக்கோவர் கடவுளோடு பேசுகிறான்' என்னும் சிறுகதை. வார்சா யூதச் சேரியின் எழுச்சி நசுக்கப்பட்டுக்கொண்டிருந்த 1943 ஏப்ரல் 28ஆம் நாள், எரியும் வீடொன்றின் இடிபாடுகளுக்கிடையே இருந்து ஒரு பக்தியுள்ள யூதன் எழுதிய இறுதிச் சாசனமாக அது அமைந்திருக்கிறது. மனைவியையும் ஆறு பிள்ளைகளையும் இழந்தவன் அவன். கையில் மிஞ்சியிருப்பவை சில பெட்ரோல் புட்டிகள். அவற்றில் ஒன்று காலியானதும், எழுதிய தாளை அதற்குள் வைத்துச் செங்கற்களிடையே மறைத்துவிட்டு மரிக்கப்போகிறான். தன் விசுவாசத்தை அசைக்கக் கடவுளே முயன்றாலும் தான் அசையப்போவதில்லை என்று கடவுளிடமே அறிவித்துவிட்டு, ஷேமா அறிக்கையோடும் 31ஆம் சங்கீதத்தின் ஐந்தாம் வசனத்தோடும் முடிக்கிறான்.

இக்கதையின் வரலாறு கதையைப்போலவே படிப்பினைக்குரியது. கோலிட்ஸ் லித்துவேனியாவில் பிறந்தவர். போர்க்காலத்தில் அவர் வார்சாவில் இல்லை. 1946 செப்டம்பரில், யூதப் புத்தாண்டையொட்டி, போனஸ் அயர்சில் வெளிவந்த ஓர் இத்திஷ் மொழி நாளிதழில் தம் பெயரோடு இதை வெளியிட்டார். புனைகதை என்பதில் அன்று எவருக்கும் ஐயம் இருந்திருக்காது. ஆனால் கதையின் தட்டச்சுப் பிரதியொன்று ஆசிரியர் பெயரை இழந்து அலைந்தது. 1954இல் டெல் அவிவில் ஓர் இலக்கிய இதழ் அதை வார்சாவின் உண்மை ஆவணமாகவே வெளியிட்டது. அடுத்த ஆண்டு பிரெஞ்சிலும் வந்தது. வழிபாட்டுத் தொகுப்புகளில் இடம்பெற்றது. உயிரோடிருந்த ஆசிரியர், 'அதை எழுதியவன் நான்' என்று சொன்னபோது, அவரை நம்ப மறுத்தவர்களும் இருந்தனர். யோசல் ராக்கோவர் என்னும் மனிதன் அவர்களுக்கு அவ்வளவு தேவையாயிருந்தான். அர்ஜென்டினாவில் பழைய இதழின் பிரதி மீண்டும் வெளிச்சத்திற்கு வந்த 1990களில்தான் இச்செய்தி பரவலாகத் தெளிவடைந்தது.

மெய்யியலார் எம்மானுவேல் லெவினாஸ் 1955இலேயே இதைப் பற்றிப் பேசினார். அவர் ஏமாறவில்லை. இது புனைவே என்று கண்டுகொண்டு, புனைவுக்கு மட்டுமே கைகூடும் ஒருவகை உண்மை இதில் இருப்பதாகக் கூறினார். மேடையில் இதைச் சொல்லும் நம்மவர்க்கு அந்த நிதானம் வேண்டும். 'வார்சாவில் ஒரு யூதன் எழுதிவைத்தான்' என்று தொடங்குவதற்கும், 'வார்சாவில் மாண்டவர்களை எண்ணி ஒரு யூத எழுத்தாளர் எழுதினார்' என்று தொடங்குவதற்கும் வேறுபாடு உண்டு. முதலாவது, இடிபாடுகளிலிருந்து ஒரு சாட்சியை எழுப்பி நம் பக்கம் நிறுத்திக்கொள்வது. இரண்டாவது, அழிவைக் கண்டு திகைத்த ஒருவர், விசுவாசம் எஞ்சியிருக்கக்கூடுமானால் அது எவ்வண்ணம் பேசும் என்று தேடியதை மதிப்பது. வார்சாச் சேரியில் உண்மையாகவே ஆவணங்கள் மறைக்கப்பட்டன. இம்மானுவேல் ரிங்கல்புளூமும் அவரோடிருந்தோரும் தகரப் பெட்டிகளிலும் பால் குடங்களிலும் வைத்துப் புதைத்தவை 1946இலும் 1950இலும் தோண்டியெடுக்கப்பட்டன. அப்பெட்டிகளில் இருந்தவை பெரும்பாலும் உணவுப் பங்கீடு, தொற்றுநோய், கடத்தப்பட்டோர் விவரம், பள்ளிக் கட்டுரை, நாட்குறிப்பு ஆகியவை. நாம் கேட்க விரும்பும் பிரசங்கம் அங்கே ஆயத்தமாக வைக்கப்பட்டிருக்கவில்லை.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. யோசலின் கடைசி அறிக்கையை எடுத்துச் சொல்லுகிறவர்கள், அதற்கு முந்தைய பக்கங்களை விட்டுவிடுகிறார்கள். ஜெர்மானியப் படைவீரர் தீயில் மடிவதைக் கண்டு அவன் மனமாரச் சிரிக்கிறான். பழிவாங்கும் கடவுளை அழைக்கிறான். கடவுளைக் கணக்குக் கேட்கிறான். நீர் என் கடவுள் இல்லையென்றால் வேறு யாருடைய கடவுள், கொலைகாரருடைய கடவுளா என்று வினவுகிறான். இவற்றை வெட்டிவிட்டால் எஞ்சுவது ஒரு சாந்தமான பக்தன். அப்படிப்பட்ட பக்தனை நம் சபை விரும்பும். ஆனால் கோலிட்ஸ் எழுதியவன் அவன் அல்லன். யோபின் புத்தகத்திலும் நாம் செய்வது இதுதான்: முதல் இரண்டு அதிகாரங்களின் பொறுமையையும் கடைசி அதிகாரத்தின் ஆசீர்வாதத்தையும் வைத்துக்கொண்டு, நடுவிலுள்ள வழக்கைத் தாண்டிவிடுகிறோம். யோபு 42:7இல் ஆண்டவர் யாருடைய பேச்சைச் சரியானதென்று ஏற்றார், யாருடையதைக் கண்டித்தார் என்பதை மாணவர்கள் மீண்டும் ஒருமுறை பார்க்கவேண்டும். கடவுளுக்காக வாதாடிய நண்பர்கள் கண்டிக்கப்பட்டார்கள். மேலும் யோபுக்குத் திரும்ப ஏழு குமாரரும் மூன்று குமாரத்திகளும் பிறந்தனர். யோசலுக்கு அத்தகைய கடைசி அதிகாரம் இல்லை. கோலிட்ஸ் அதை எழுதாமல் விட்டது கதையின் நேர்மை.

விசுவாசத்தையும் பிழைத்தலையும் காரணகாரியமாக இணைக்கும் பழக்கம்தான் நாம் அஞ்சவேண்டியது. 'அவர் விசுவாசித்தார், ஆகவே பிழைத்தார்' என்னும் வாக்கியம் பக்தியுள்ளதாய் ஒலிக்கிறது. அதன் மறுபக்கத்தை உரக்கச் சொல்லிப் பார்த்தால் நாக்கு கூசும்: மாண்டவர்கள் விசுவாசிக்கவில்லை. போலந்தின் பெல்செக் முகாமில் 1942ஆம் ஆண்டின் சில மாதங்களில் நான்கு லட்சத்திற்கும் மேற்பட்ட யூதர் கொல்லப்பட்டனர். போருக்குப் பின் அதைப்பற்றிச் சாட்சி சொல்ல எஞ்சியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. அங்கு சென்ற கலீசிய யூதருள் எத்தனை ரபிமார், எத்தனை ஜெபவீரர்! 1944 மே முதல் ஜூலை வரை ஹங்கேரியிலிருந்து சுமார் 4,37,000 யூதர் கடத்தப்பட்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் அவுஷ்விட்சுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, வந்து இறங்கிய அன்றே கொல்லப்பட்டனர். ரயிலிலிருந்து இறங்கியவரின் வயது, உடல்வலிமை, கையில் குழந்தை இருந்ததா இல்லையா என்பவை சில விநாடிகளில் முடிவு செய்தன. தாயின் கையில் குழந்தை இருந்தால் இருவரும் ஒரே பக்கம் அனுப்பப்பட்டனர். விசுவாசத்தை அங்கே எவரும் அளக்கவில்லை.

பிழைத்தலைப் பற்றிய கதை எதுவாயினும், அது விதிவிலக்கின் கதையே. வரலாற்றுப் புனைகதையின் இயல்பான ஆபத்து இங்கே இருக்கிறது. நாவலுக்கு ஒரு தலைவன் வேண்டும். அவன் கடைசிப் பக்கம் வரை நடந்துவர வேண்டும். பெல்செக்கின் உண்மையோ முதல் பக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. ஆகவே பிழைத்தவரைப் பற்றி நூறு நாவல்கள் வரும்போது, பிழைப்பதே ஷோவாவின் பொதுவான அனுபவம் என்ற எண்ணம் வாசகர் மனத்தில் தானாகவே படிகிறது. எழுத்தாளர் பொய் சொல்லவேண்டிய அவசியம்கூட இல்லை.

இதை எவரையும்விடத் தெளிவாக உணர்ந்தவர் இத்தாலிய வேதியியலாளர் பிரிமோ லேவி. அவர் நாவலாசிரியராக அன்றி, அவுஷ்விட்சிலிருந்து மீண்ட சாட்சியாக எழுதினார். கடவுள் நம்பிக்கை இல்லாதவர். 1947இல் வெளிவந்த அவருடைய முதல் நூலில், 1944 அக்டோபரில் நடந்த ஒரு தெரிந்தெடுப்பைப் பற்றி எழுதுகிறார். அன்று மாலை கூன் என்னும் முதியவர், தாம் தெரிந்தெடுக்கப்படவில்லை என்பதற்காக உரக்கக் கடவுளுக்கு நன்றி செலுத்துகிறார். அடுத்த படுக்கையில் பெப்போ என்னும் இருபது வயது கிரேக்க இளைஞன், நாளை மறுநாள் தான் வாயுவறைக்குச் செல்லவேண்டும் என்பதை அறிந்து, விளக்கையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறான். தாம் கடவுளாயிருந்தால் கூனின் ஜெபத்தை அருவருத்துத் தள்ளியிருப்பேன் என்ற பொருளில் லேவி எழுதுகிறார். நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 1986இல் வெளியிட்ட நூலிலும் அவர் இதற்குத் திரும்புகிறார். நண்பர் ஒருவர் அவரைச் சந்தித்து, நீர் பிழைத்தது தெய்வச் செயல், நீர் தெரிந்துகொள்ளப்பட்டவர் என்று சொன்னாராம். அக்கருத்து தமக்குக் கொடூரமாகத் தோன்றியது என்கிறார் லேவி. சிறந்தவர்கள் மாண்டார்கள் என்பது அவர் கண்டது.

இதை ஒரு நாத்திகரின் கசப்பு என்று தள்ளிவிட நமக்கு உரிமையில்லை. லூக்கா 13இல் சீலோவாம் கோபுரம் விழுந்து மாண்ட பதினெட்டுப் பேரைக் குறித்து நம் ஆண்டவர் சொன்னதும் இதற்கு வெகுதூரமன்று. மாண்டவர்கள் மற்றவரைவிடப் பாவிகள் அல்லர் என்றால், கோபுரத்தின் அப்புறம் நின்று தப்பியவர்கள் மற்றவரைவிடப் பரிசுத்தர் அல்லர். 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. 'ஆராதனைக்குப் போயிருந்தோம், ஆகவே கடல் எங்களைத் தொடவில்லை' என்னும் சாட்சிகளை அதன்பின் நம் கரையோரச் சபைகளில் கேட்டோம், ஆமென் என்றும் சொன்னோம். அதே காலையில் வேளாங்கண்ணிக் கடற்கரையில் திருப்பயணமாக வந்த பலர் மாண்டனர். அவர்களும் ஜெபிக்க வந்தவர்களே. பிழைத்தவர் நன்றி செலுத்துவதை நான் குறைகூறவில்லை. நன்றி கண்ணீரோடு வரும், வரவேண்டும். அதைச் சபையின் போதனையாக ஆயர் உயர்த்திப் பிடிக்கும்போது, பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த தாய் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள் என்பதை அவர் மறந்துவிடுகிறார்.

நம்மவரிடையே இவ்விஷயத்தில் மிகவும் அறியப்பட்ட நூல் கோரி டென் பூம் அம்மையாரின் நினைவுநூல், 1971இல் வந்தது. இது புனைகதையன்று. ராவென்ஸ்புரூக் முகாமின் உண்ணிகளுக்காக அவருடைய சகோதரி பெட்சி நன்றி சொன்ன செய்தியைக் கேட்டிராத சபை நம்மில் குறைவு. நன்றி சொன்ன பெட்சி 1944 டிசம்பரில் அங்கேயே மரித்தார் என்பதையும், கோரி விடுதலையானது ஓர் எழுத்தர் பிழையினால் என்று அவரே பின்னர் அறிந்ததையும் சேர்த்துச் சொன்னால் அச்செய்தியின் கனம் கூடும். அது தன்னுடைய துன்பத்தைக் குறித்து ஒரு கிறிஸ்தவப் பெண் செலுத்திய நன்றி. பிறருடைய துன்பத்துக்காக அதே நன்றியை நாம் செலுத்த முடியாது.

அண்மைக்கால நாவல்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஜான் பாய்ன் 2006இல் எழுதிய, கோடு போட்ட உடையணிந்த சிறுவனைப் பற்றிய கதை பள்ளிகளிலும் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களிடமும் புகழ்பெற்றது. முகாம் தளபதியின் ஒன்பது வயது மகன், வேலிக்கு அப்பால் இருக்கும் அதே வயது யூதச் சிறுவனோடு நட்புக்கொள்கிறான். அவுஷ்விட்சில் அவ்வயதுக் குழந்தைகள் மிகப் பெரும்பாலும் வந்த நாளிலேயே கொல்லப்பட்டனர். வேலியில் மின்சாரம் ஓடியது. கடைசியில் நாம் யாருக்காக அழும்படி கேட்கப்படுகிறோம் என்று பார்த்தால், தளபதியின் மகனுக்காக. ஷோவாவைப் படிப்போரும் கற்பிப்போரும் இந்நூலைத் தவிர்க்கவேண்டும் என்று அவுஷ்விட்ஸ் நினைவகம் 2020இல் வெளிப்படையாகச் சொன்னது. ஞாயிறு பள்ளிக்கு அதைப் பரிந்துரைக்கும் ஆயர்கள் இதைக் கவனிப்பார்களாக.

இலக்கியத் தரத்திலும் இறையியல் ஆழத்திலும் நான் மாணவர்களுக்கு முதலில் கொடுப்பது ஆந்திரே ஷ்வார்ஸ்-பார் எழுதிய 'நீதிமான்களில் கடைசியானவன்' என்னும் பிரெஞ்சு நாவல். 1959இல் கோன்கூர் பரிசு பெற்றது. ஆசிரியர் 1928இல் மெட்ஸ் நகரில் பிறந்தவர்; பெற்றோரை நாசிகளிடம் இழந்தவர். முப்பத்தாறு நீதிமான்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் உலகத்தின் துயரைச் சுமக்கிறார்கள் என்னும் யூத மரபுக் கதையை எடுத்துக்கொண்டு, லேவி குடும்பத்தின் எட்டு நூற்றாண்டுகளைச் சொல்லுகிறார். கதை இங்கிலாந்தின் யார்க் நகரில், கோபுரமொன்றில் சூழப்பட்ட யூதர்களின் மரணத்தோடு தொடங்குகிறது. நாவல் அதை 1185 என்கிறது. வரலாறு 1190 என்கிறது. இந்த ஐந்து ஆண்டு எனக்குத் தொல்லை தரவில்லை. கோபுரத்தைச் சூழ்ந்தவர்கள் யார் என்பதில் நாவல் வரலாற்றோடு உடன்படுகிறது: அவர்கள் கிறிஸ்தவர்கள்.

ஆயர் ஒருவர் இந்நாவலைப் படித்துவிட்டு அமைதியாயிருக்க முடியாது. யார்க்கிலிருந்து அவுஷ்விட்ஸ் வரை நீளும் அந்தப் பாதையை அமைத்த கற்களில் பல, நம் பிரசங்க மேடைகளிலிருந்து எடுக்கப்பட்டவை. மார்ட்டின் லூத்தர் 1543இல் யூதருக்கெதிராக எழுதிய நூலில், அவர்களுடைய ஜெப ஆலயங்களைக் கொளுத்தும்படி ஆலோசனை கூறினார். லூத்தரன் சபைகள் பல அந்நூலைப் பிற்காலத்தில் வெளிப்படையாக மறுதலித்துள்ளன. அமெரிக்க இவாஞ்சலிக்கல் லூத்தரன் சபை 1994இல் அவ்வாறு செய்தது. 1939ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஜெர்மானியருள் ஏறக்குறைய 95 விழுக்காட்டினர் தம்மைப் புராட்டஸ்டண்டாரென்றோ கத்தோலிக்கரென்றோ பதிவு செய்திருந்தனர். இது தெரியாமல் ஷோவாக் கதைகளில் விசுவாசத்தைத் தேடுகிறவர், தேடவேண்டிய இடம் ஒன்றைத் தவறவிடுகிறார். நாவலில் எர்னி தன் காதலி கோல்டாவுக்கு இயேசுவைப் பற்றிச் சொல்லுமிடம் ஒன்று உண்டு. அவருடைய பக்தி உன் தகப்பனாரின் பக்தியைப் போன்றதே என்கிறான். அவரை வணங்குகிறவர்கள் அவருடைய சிலுவையைத் திருப்பிப் பிடித்து ஆயுதமாக்கிவிட்டதாக அவன் கருதுகிறான். இதைச் சொல்லுகிறவன் மதம் மாறுவதற்குச் சொல்லவில்லை. தன் இனத்தாரில் ஒருவரைப் பிறர் எடுத்துக்கொண்டு போய்விட்டதைக் குறித்த துயரத்தோடு சொல்லுகிறான்.

அவ்வாறு எடுத்துக்கொள்ளுவதை இன்றும் நாம் செய்கிறோம், நல்லெண்ணத்தோடு செய்கிறோம். எலி வீசலின் 'இரவு' என்னும் நூலில் மூவர் தூக்கிலிடப்படுகிறார்கள். அவர்களுள் சிறுவன் ஒருவன் எடை குறைந்தவனாகையால் அரைமணி நேரம் உயிர் ஊசலாடுகிறான். கடவுள் எங்கே என்று எவரோ கேட்கிறார். அந்தத் தூக்குமரத்திலேயே என்று எழுதியவரின் உள்ளத்தில் ஒரு குரல் எழுகிறது. யூர்கன் மோல்ட்மன் 1972இல் வெளியிட்ட 'சிலுவையில் அறையப்பட்ட கடவுள்' என்னும் பெருநூலில் இக்காட்சியை எடுத்தாண்டார். நம் கல்லூரிகளில் அவருடைய நூலைப் படிக்காத தலைமுறை இல்லை. துன்புறும் கடவுளைப் பற்றிய அவருடைய போதனைக்கு நான் கடன்பட்டவன். ஆயினும் வீசலின் பக்கத்தில் அக்குரல் ஆறுதலாக ஒலிக்கவில்லை. கடவுள் அங்கே மரித்துக்கொண்டிருந்தார் என்பதே அச்சிறுவயது கைதிக்கு அன்று பட்டது. அன்றிரவு கூழில் பிணத்தின் சுவை இருந்தது என்று அவர் முடிக்கிறார். அங்கே உயிர்த்தெழுதல் இல்லை. மூன்றாம் நாள் இல்லை. கொல்கொதாவை அக்காட்சியின்மேல் வைத்தால் அச்சிறுவன் மறைந்துபோகிறான். நமக்குப் பழக்கமான படம் ஒன்று அவனிருந்த இடத்திற்கு வந்துவிடுகிறது. பிரெஞ்சுக் கத்தோலிக்க எழுத்தாளர் மோரியாக், 1958ஆம் ஆண்டு பிரெஞ்சுப் பதிப்புக்கு எழுதிய முன்னுரையில், சிலுவையைப் பற்றிச் சொல்ல வாயெடுத்துவிட்டு, அந்த இளைஞரைக் கட்டித்தழுவி அழுததோடு நின்றுகொண்டார். எனக்கு அவருடைய மௌனம் உயர்ந்ததாகப் படுகிறது.

யோசலின் கடைசி வார்த்தைக்கும் இதுவே பொருந்தும். சங்கீதம் 31:5 என்றதும் நம் செவிகளில் லூக்கா 23:46 ஒலிக்கிறது. ஒலிக்கட்டும். ஆனால் பக்தியுள்ள யூதர் அவ்வசனத்தை ஒவ்வோர் இரவும் படுக்கைக்குப் போகுமுன் சொல்லும் ஜெபத்தில் சொல்லுகிறார்கள். யோசல் அதைத் தன் தாயிடமிருந்து கற்றிருப்பான். சிலுவையில் தொங்கிய நம் ஆண்டவரும் அச்சங்கீதத்தைத் தம் மக்களிடமிருந்தே பெற்றார். யோசலின் வாயிலிருந்து அதைப் பிடுங்கி நம் புனித வெள்ளித் தியானத்தில் வைக்கும் முன், அது யாருடைய ஜெபம் என்பதை ஒரு வாக்கியத்திலாவது சொல்லலாம்.

ஹாயிம் கிராதே 1950களின் தொடக்கத்தில் இத்திஷ் மொழியில் எழுதிய, ஹெர்ஷ் ராசெய்னரோடு வழக்காடும் கதையையும் மாணவர்கள் படிக்கவேண்டும். ஒரே வேதப்பள்ளியில் பயின்ற இருவர், 1948இல் பாரிசின் சுரங்க ரயிலில் மீண்டும் சந்திக்கிறார்கள். முகாமிலிருந்து மீண்ட ஹெர்ஷ் விசுவாசி. எழுத்தாளனான மற்றவன் பள்ளியையும் மரபையும் விட்டு வெளியேறியவன். கதை முழுவதும் வாதமே. கிராதே தம் தாயையும் மனைவியையும் வில்னாவில் பறிகொடுத்தவர். இருந்தும் விசுவாசிக்கு வலுவான பேச்சைக் கொடுத்திருக்கிறார். வாதம் தீராமலே இருவரும் பிரிகிறார்கள். தீர்ப்பு எழுத அவர் மறுத்துவிட்டதுதான் இக்கதையின் பெருமை. எரிந்துகொண்டிருக்கும் குழந்தைகளின் முன்னிலையில் சொல்ல முடியாத எந்த இறையியல் கூற்றையும் சொல்லக்கூடாது என்று ரபி இர்விங் கிரீன்பர்க் 1974இல் ஓர் அளவுகோலை வைத்தார். அந்த அளவுகோலுக்குக் கிராதேயின் கதை தாங்கும். நம் பிரசங்கத் தொகுப்புகளில் எத்தனை தாங்கும் என்று எனக்குச் சந்தேகம்.

ஷ்வார்ஸ்-பாரின் நாவலுக்கே திரும்பி முடிக்கிறேன். எர்னி பாரிசுக்கு அருகிலிருந்த த்ரான்சி முகாமுக்குத் தானே வலியச் சென்று, கோல்டாவோடு கிழக்கே போகும் ரயிலில் ஏறுகிறான். மூடி முத்திரையிட்ட பெட்டியில் குழந்தைகள் மடிகிறார்கள். எஞ்சியவர்களிடம் அவன், நாம் போகும் இடம் ஆனந்தமான ராஜ்யம், அங்கே உங்கள் பெற்றோர் காத்திருக்கிறார்கள் என்று கதை சொல்லுகிறான். பெட்டியிலிருந்த பெண்மணி ஒருவர், மெய்யைப்போல் இதை எப்படிச் சொல்லுகிறீர் என்று கடிந்துகொள்ளுகிறார். இங்கே மெய்க்கு இடமில்லை என்பது அவனுடைய பதிலின் சாரம். பரலோகத்தைப் பற்றி இவ்வளவு இனிமையாகப் பேசும் பகுதி இந்நூலில் வேறில்லை. அதைப் பேசுகிறவனோ அதை நம்பிப் பேசவில்லை. அன்பின் நிமித்தம் பேசுகிறான். மரணப்படுக்கைகளின் அருகே நின்று பேசிப் பழகிய நமக்கு இது கூர்மையாகத் தைக்கிறது.

நாவலின் கடைசிப் பக்கத்தில் கடவுளைத் துதிக்கும் சிறு வாக்கியம் ஒன்று, சொல்லுக்குச் சொல் துண்டிக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் நடுவில் ஒரு முகாமின் பெயர் வைக்கப்பட்டிருக்கிறது. துதியை ஆசிரியர் நீக்கவில்லை. தடையின்றி ஓடவும் விடவில்லை. கண்ணால் படிக்கையில் அது ஓர் உத்தியாகத் தோன்றலாம். வாயால் படிக்கவேண்டும். சென்ற பருவத்தில் ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்து அதை வகுப்பில் உரக்கப் படிக்க ஓர் இறுதியாண்டு மாணவரை எழுப்பினேன். மூன்றாவது பெயருக்கு வந்ததும் நிறுத்திவிட்டார். மீதியை அடுத்த இருக்கையிலிருந்தவர் படித்தார்.